சோலைக்கு வெளியே நிற்கும் மரம்

நீலகிரியின் மேற்கு விளிம்பில், முக்குருத்தி, அவலாஞ்சி, மேல்பவானி ஆகிய இடங்களைச் சுற்றி 2000 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் மலைநிலத்தின் இயற்கைத் தாவரப் பரப்பு இரண்டே வகையானது: ஓடைகள் இறங்கும் மடிப்புகளில் நெருங்கிச் செறிந்த சோலைக்காடு ஒன்று, எஞ்சிய சரிவுகளையும் முகடுகளையும் போர்த்திய புல்வெளி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை, சமவெளிக் காடுகளில் காண்பதுபோல மெல்ல மெல்லத் தேய்ந்து மறைவதன்று. சோலையின் கடைசி மரத்தைக் கடந்து சில அடிகள் வைத்தாலே முழங்கால் உயரப் புல் தொடங்கிவிடும். சோலை மரங்களுள் அந்த எல்லையைத் தாண்டிப் புல்வெளியின் நடுவே தனித்து நின்று வளர வல்லவை மிகச் சில. அவற்றுள் முதன்மையானது, குளிர்காலத்தின் பிற்பகுதியில் இரத்தச் சிவப்பான பூங்கொத்துகளால் தலையை மூடிக்கொள்ளும் காட்டுப்பூவரசு. பெயரில் பூவரசு இருந்தாலும் ஊர்ப்புறங்களிலும் நீர்க்கரைகளிலும் வளரும் மஞ்சள் பூப் பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை. அது பருத்தியின் குடும்பம், இதுவோ தாவரவியலார் ரோடோடென்ட்ரான் என்று அழைக்கும் பேரினத்தைச் சேர்ந்தது.

இதை மரம் என்பதா, புதர் என்பதா என்னும் கேள்விக்கு அது நிற்கும் இடமே விடை தருகிறது. சோலையின் விளிம்பில் காற்று மறைவாக வளரும்போது 10 மீட்டரையும் தாண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மாதக்கணக்கில் ஓயாமல் மோதும் முகட்டின் மேலோ, அதே இனம் ஆளுயரத்துக்குச் சற்று மேலாக, முறுக்கேறிய அடியுடன் பல கிளைகளாகப் பிரிந்து, புதராகவே முதிர்கிறது. இமயமலையின் ஈரக்காடுகளில் வளரும் இதன் உறவுகள் இதைவிடப் பெரியவை; நாகாலாந்தின் ஜாப்ஃபூ மலையிலுள்ள ஒரு மரம், 108 அடி உயரத்துடன், உலகின் மிக உயரமான ரோடோடென்ட்ரான் என்று 1993இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. அறிவியல் உலகுக்கு முதலில் அறிமுகமானதும் வடக்கத்திய வடிவந்தான். ஆங்கிலேயப் படை அதிகாரியான தாமஸ் ஹார்ட்விக் 1796இல் கார்வால் மலைப்பகுதிக்குச் சென்றபோது அதைக் கண்டு குறித்துவைத்தார். 1805இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அதற்கு ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் என்று பெயரிட்டார். நீலகிரியில் வளர்வதை 1830களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் சென்கர் நீலகிரியின் பெயரால் தனி இனமாகவே விவரித்தார். பிற்கால அறிஞர்கள், இலையின் வடிவிலும் அடிப்புற ரோமத்திலும் உள்ள சிறு வேறுபாடுகள் தனி இனமாக்கப் போதாதவை என்று கருதி, அதை ஆர்போரியத்தின் துணையினமாக, அதாவது ஒரே இனத்துக்குள் புவியியலால் பிரிந்து நிற்கும் ஒரு கிளையாக, இறக்கி வைத்தனர். இந்தியாவில் ரோடோடென்ட்ரான் இனங்கள் எண்பதுக்கு மேல் இருந்தும், அவை ஏறத்தாழ முழுவதும் இமயத்திலும் வடகிழக்கிலும் குவிந்திருக்க, தென்னிந்தியாவுக்கு இயற்கையாக வாய்த்தது இந்த ஒன்றுதான்.

ரோடோடென்ட்ரான் சேர்ந்த குடும்பம் எரிக்கேசி எனப்படும். நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில், ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களை ஊதா நிறமாக்கும் ஹெதர் செடியும், நகரக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கும் புளூபெரியும் அடக்கம். ஹீத் குடும்பம் என்றும் இதைச் சொல்வதுண்டு. ஹீத் என்பது வடமேற்கு ஐரோப்பாவில், வளம் குன்றி அமிலத்தன்மை மிகுந்த மண்ணில், பசுமை மாறாத குறும்புதர்கள் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் வெளி. அத்தகைய வெளி நீலகிரியில் இல்லை. எனினும் அதை உண்டாக்கும் காரணங்கள் அங்கும் உண்டு. சார்னோக்கைட் என்னும் பழம்பெரும் பாறை சிதைந்து உருவான அந்த மண்ணின் மேல், மேற்கு விளிம்பில், ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் அளவுக்கும் மழை கொட்டுகிறது. அம்மழை கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் முதலிய கரையக்கூடிய உப்புகளைக் கழுவிச் சென்றுவிட, கரையாத இரும்பு, அலுமினியச் சேர்மங்கள் மண்ணில் தங்கி அதைப் புளிப்பாக்குவதோடு, எஞ்சிய பாஸ்பரசையும் வேர்களுக்கு எட்டாமல் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. குளிரின் காரணமாக உதிர்ந்த இலையும் மடிந்த புல்லும் மட்குவது மிக மெதுவாகவே நடப்பதால், மேல்மண் கறுத்துச் செழிப்பாகத் தோன்றினாலும், அதிலுள்ள நைட்ரஜன் புரதம் போன்ற பெரிய கரிமச் சேர்மங்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. பெரும்பாலான தாவரங்களின் வேர்கள் நைட்ரேட், அம்மோனியம் போன்ற எளிய வடிவங்களில்தான் அதை உறிஞ்ச முடியும் என்பதால், அவற்றைப் பொறுத்தவரை அது இருந்தும் இல்லாத வளம்.

எரிக்கேசிக் குடும்பத்தின் தனித்திறமை இங்கேதான் தொடங்குகிறது. இச்செடிகளின் வேர்த்தொகுதியின் கடைசிக் கிளைகள் மயிரிழையினும் மெல்லியவை. மற்றத் தாவரங்களில் நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் இவற்றில் கிடையா. அந்த வேலையைச் செய்வது, நுண்வேரின் புறத்தோல் செல்களுக்குள் புகுந்து சுருள் சுருளாக நிறைந்து வாழும் ஒருவகைப் பூஞ்சை. வேருக்கு வெளியே மண்ணுக்குள் நீளும் இப்பூஞ்சையின் இழைகள், மட்காத கரிமப்பொருளைத் தாக்கி உடைக்கும் நொதிகளைச் சுரந்து, அதற்குள் அடைபட்டிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரசையும் விடுவித்துச் செடிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. செடி தான் ஒளிச்சேர்க்கையில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. பூஞ்சையும் வேரும் சேர்ந்து வாழும் இவ்வகை உறவுக்கு வேர்ப்பூஞ்சை உறவு என்று பெயர். அது தாவர உலகில் பொதுவானதே. ஆனால் மண் கரிமப்பொருளை உணவாக மாற்றித் தரும் வரை காத்திராமல், மட்கின் நிலையிலேயே நேரடியாகக் கைவைக்கும் இந்த வடிவம் எரிக்கேசிக்கே உரியது. இதற்கு ஒரு மறுவிளைவும் உண்டு. ரோடோடென்ட்ரானின் தடித்த இலைகள் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்தவை. அவை உதிர்ந்தபின் எளிதில் மட்காமல் மண்ணை மேலும் புளிப்பாக்கி, நைட்ரஜனை மேலும் இறுகப் பூட்டிவிடுகின்றன. பூட்டைத் திறக்கும் வழி தன்னிடம் இருக்கும்போது, மண் ஏழ்மையாக இருப்பதே இச்செடிக்கு ஆதாயம். வளமான மண்ணில் விரைந்து வளரும் போட்டியாளர்கள் இதை எளிதில் மிஞ்சிவிடும்.

இலைகள் ஆண்டு முழுவதும் மரத்தில் இருப்பதும் இதே பொருளாதாரத்தின் மறுபக்கம். அரிதாகக் கிடைத்த நைட்ரஜனைக் கொண்டு கட்டிய ஓர் இலையை ஆறேழு மாதங்களில் உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது கட்டுப்படியாகாது என்பதால், ஏழை மண்ணில் வாழும் தாவரங்கள் பொதுவாகத் தடித்த, நெடுநாள் உழைக்கும் இலைகளையே வளர்க்கின்றன. காட்டுப்பூவரசின் இலை நீள்சதுரமாக, விரைப்பாக, தோல் பதத்தில் இருக்கும். மேற்புறம் மினுங்கும் கரும்பச்சை, நரம்புகள் குழிந்தோடும். இலையைத் திருப்பினால் வேறொரு செடியோ என்று தோன்றும் அளவுக்கு அடிப்புறம் பழுப்பு கலந்த வெளிர்நிற ரோமங்களால் கம்பளி விரித்ததுபோல மூடப்பட்டிருக்கிறது. காற்றும் நீராவியும் வந்துபோகும் இலைத்துளைகள் யாவும் அந்த ரோமப் படலத்தின் அடியில்தான் உள்ளன. ஒரே நாளில் காலையில் மூடுபனியும் நண்பகலில் சுள்ளென்ற வெயிலும் மாலையில் உலர்காற்றும் வரக்கூடிய மலையுச்சியில் அந்தப் படலம் எதிரெதிரான இரு வேலைகளைச் செய்வதாகக் கொள்ளலாம்: காற்று வீசும்போது துளைகளின் மேல் அசையாத ஈரக்காற்றைத் தேக்கி நீரிழப்பைக் குறைக்கிறது, மூடுபனியின் போது நீர்த்திவலைகள் துளைகளை அடைத்துக்கொள்ளாமல் தள்ளிநிறுத்தி, இலை தொடர்ந்து மூச்சுவிட வழிசெய்கிறது.

இத்தனையும் ஏழை மண்ணில் வாழ்வதற்கான தகுதிகள் மட்டுமே. சோலை மரங்கள் நுழையாத புல்வெளியில் இது எப்படி நிற்கிறது என்பதற்கு அவை முழு விடையாகா. அதற்கு, சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான அந்தக் கூரிய எல்லை ஏன் உண்டாயிற்று என்பதை அறிய வேண்டும். இதைப் பற்றி 1938இலேயே இரு வனத்துறை அறிஞர்கள் எதிரெதிரான முடிவுகளை வெளியிட்டிருந்தனர். என். எல். போர், இவ்வுயரத்தின் இயற்கையான தாவரம் காடே என்றும், மனிதர் மூட்டிய தீயும் மேய்ச்சலும்தான் அதைப் புல்வெளியாக்கின என்றும் வாதிட்டார். சி. ஆர். ரங்கநாதனோ உறைபனியைச் சுட்டிக்காட்டினார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மேகமற்ற இரவுகளில் திறந்த நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து விரைவாகக் குளிர்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து தாழ்ந்த இடங்களில் தேங்குகிறது. ஆள் நிற்கும் உயரத்தில் சில பாகை வெப்பம் இருக்கும்போதே, புல்லின் நுனியில் அது உறைநிலைக்குக் கீழே போய்விடும். அடர்ந்த விதானத்தின் கீழ் நிலம் வெப்பத்தைக் காத்துக்கொள்வதால் சோலைக்குள் உறைபனி விழுவதில்லை. வெளியே முளைத்த சோலைக் கன்றோ இரவில் உறைந்து, மறுநாள் காலையின் கடும் வெயிலில் கருகிவிடும். ஆகவே சோலை தானாகப் பரவ முடியாது, புல்வெளி இயற்கையானதே என்பது ரங்கநாதன் கண்ட முடிவு.

இவ்வழக்கில் பின்னாளில் சாட்சி சொன்னது நீலகிரிப் பள்ளத்தாக்குகளின் சதுப்பு நிலங்களில் படிந்துள்ள பீட் எனப்படும் மட்காத கரிமப் படிவு. மரங்களும், வெப்பமண்டலப் புற்களுள் பெரும்பாலானவையும், காற்றிலுள்ள கரிமத்தைச் சேர்க்கும் வேதிவழி வேறு வேறு என்பதால், அவை மடிந்தபின்னும் அவற்றின் கரிமத்தில் அந்த வேறுபாடு பதிந்து நிற்கும். இதை அடிப்படையாகக் கொண்டு ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் பனியுகத்தின் உச்சத்தில் குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், இங்கே புற்கள் மேலோங்கியிருந்தன என்றும், பருவமழை வலுத்தும் தளர்ந்தும் வந்ததற்கேற்ப புல்லும் மரமும் மாறி மாறி முன்னேறின என்றும் காட்டியது. புல்வெளி மனிதர் உண்டாக்கியதன்று என்பதில் இதன்பின் ஐயத்துக்கு இடமில்லை. தீயும் மேய்ச்சலும் அதன் எல்லைகளை ஓரளவு நகர்த்தியிருக்கலாம் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், கோடையில் புல்லுக்குத் தீவைத்துப் புதுத்தளிர் வரச்செய்ததும், வரையாடுகள் மேய்ந்ததும் அந்த நிலத்தின் நீண்ட வரலாற்றில் சேர்ந்தவையே.

காட்டுப்பூவரசு உறைபனிக்கும் தீக்கும் ஒருசேர ஈடுகொடுக்கிறது. அதன் இலைகள் உறைபனி இரவுகளைத் தாங்கும். அடிமரத்தின் பட்டை தக்கைபோலத் தடித்து, ஆழமாக வெடித்துப் பிளவுபட்டது. புல்லில் பற்றிய தீ விரைந்து கடந்துபோய்விடும் இயல்புடையது என்பதால், அந்தச் சில நிமிட வெப்பம் பட்டைக்கு அடியிலுள்ள உயிருள்ள திசுவை எட்டுவதில்லை. மேற்பகுதி கருகினாலும் அடியிலிருந்து புதிய தண்டுகள் எழுவதுண்டு; புல்வெளியில் பல தண்டுகளுடன் புதராக நிற்கும் மரங்கள் சிலவற்றின் வடிவத்துக்குக் காற்று மட்டுமன்றிப் பழைய தீயும் காரணமாயிருக்கலாம். அந்தப் பிளவுபட்ட பட்டையில் பாசியும் மரக்காளானும் கற்பாசியும் சிறு ஆர்க்கிட்களும் ஒட்டி வளர்கின்றன. மரம் தேடும் உயிர்களுக்குப் புல்வெளியின் நடுவே கிடைக்கும் ஒரே தங்குமிடம் இதுவே என்னும் நிலையில், தனித்த ஒரு மரத்தின் பெறுமதி சோலைக்குள் நிற்கும் ஒரு மரத்தின் பெறுமதியைவிடப் பல மடங்கு கூடுதல்.

பூக்கும் காலத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். நீலகிரியில் டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை, புல் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும் மாதங்களில், கிளை நுனிதோறும் பத்து முதல் இருபது மணி வடிவப் பூக்கள் நெருங்கிய கொத்தாக விரிகின்றன. ஒவ்வொரு பூவின் அடியிலும் கருஞ்சிவப்பான ஐந்து தேன்பைகள் உண்டு. சிவப்பு நிறமும், கெட்டியான இதழ்க்குழலும், ஏராளமான நீர்த்த தேனும் பறவைகளை நம்பி அமைந்த பூக்களின் அடையாளங்கள். தேன்சிட்டுகளும், வெள்ளைக்கண்ணிகளும், சோலைப் புதர்களை விட்டு வெளியே வரத் தயங்கும் சிரிப்பான் பறவைகளும்கூட, இம்மரங்களை நாடி வருகின்றன, தேனீக்களும் வருகின்றன. இமயத்தில் நடந்த ஆய்வுகள், குளிர் மிகுந்து பூச்சிகள் மந்தமாயிருக்கும் பருவத்தில் பூக்கும் ரோடோடென்ட்ரான்களுக்குப் பறவைகளே முக்கியத் தூதர்கள் என்றும், இன்னும் உயரே தாமதமாகப் பூக்கும் இனங்களுக்கு வண்டுத்தேனீக்கள் அந்த இடத்தை ஏற்கின்றன என்றும் காட்டியுள்ளன. மகரந்தம் வெளிப்படும் முறையும் தனியானது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்கும். இதில் பையின் உச்சியில் இரு சிறு துளைகள் மட்டுமே திறக்கின்றன. நான்கு நான்காகச் சேர்ந்த மகரந்தத் துகள்கள் ஒட்டும் இழைகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதால், பறவையின் நெற்றி ஒருமுறை உரசினாலே ஒரு சரமாக இழுபட்டு வந்துவிடும்.

இத்தனை அழகிய பூவை உடைய செடியின் இலையை எந்தக் கால்நடையும் விரும்பி மேய்வதில்லை. ரோடோடென்ட்ரான்களில் கிரேயனோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. நரம்புகளிலும் இதயத் தசையிலும் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களைப் பற்றிக்கொண்டு, அவை மூடாதபடி செய்துவிடுவதால், உண்ட உயிருக்கு வாந்தியும், மயக்கமும், இதயத் துடிப்பின் தளர்ச்சியும் வரும். கருங்கடலோரத்தில் இப்பேரினத்தின் வேறு இனங்களிலிருந்து தேனீக்கள் சேர்த்த தேனை உண்ட கிரேக்கப் படைவீரர்கள் கி.மு. 401இல் கூட்டம் கூட்டமாக மயங்கி விழுந்ததை அப்படையின் தலைவர்களுள் ஒருவரான செனபன் எழுதிவைத்திருக்கிறார். ஆயினும் நச்சின் அளவு இனத்துக்கு இனம், உறுப்புக்கு உறுப்பு பெரிதும் மாறும். உத்தராகண்டில் புராஞ்ச் என்று அழைக்கப்பட்டு மாநில மரமாகவும் விளங்கும் ஆர்போரியத்தின் சிவந்த இதழ்களைப் பிழிந்து சர்பத் செய்து விற்பது அங்கே ஒரு சிறுதொழில். அதே மரத்தின் இளந்தளிரைக் கால்நடைகளுக்கு ஆகாதது என்று விலக்குவதும் அங்குள்ள வழக்கமே.

கனியும் விதையும் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. வளைந்த சிறு காய் உலர்ந்து உச்சியிலிருந்து பிளந்தவுடன், தூசுபோன்ற நூற்றுக்கணக்கான விதைகள் காற்றில் போய்விடுகின்றன. விதைக்குள் உணவுச் சேமிப்பு அனேகமாக இல்லை என்பதால், அடர்ந்த புல்லின் நடுவிலோ தடித்த இலைக்குப்பையின் மேலோ விழுந்த விதை வேரூன்றும் முன்பே மடியும்; ஒளி படும், ஈரம் குன்றாத, பாசி படர்ந்த வெற்று மண்ணில் விழுந்தது மட்டுமே பிழைக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்து, இதே சோலை விளிம்புகளில் வளரும் வேறிரு புதர்கள் நேர்மாறான வழியைப் பின்பற்றுகின்றன. கோல்தேரியா என்னும் நறுமணப் புதரில் பூவின் புல்லிவட்டமே சதைப்பிடித்துக் கருநீலமாகி விதையுறையைச் சூழ்ந்துகொள்ள, பறவைகள் அதைப் பழமென்று உண்டு பரப்புகின்றன. அதன் இலையைக் கசக்கினால் எழும் மணம் பலருக்கும் பழகியதாகவே இருக்கும். வலி நிவாரணத் தைலங்களில் சேர்க்கும் மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருளே அது, இலையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கும் அதுதான். உதகை என்றாலே நினைவுக்கு வரும் நீலகிரித் தைலம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்தின் எண்ணெயாக இருக்க, மண்ணுக்கே உரிய இந்தத் தைலச்செடி வெளியூரார் கண்ணில் படாமல் போனது விந்தைதான். மற்றொன்று வாக்சினியம், புளூபெரியின் நேர் உறவு. 1819 வாக்கில் புதுச்சேரியிலிருந்து நீலகிரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயர் அதன் அறிவியற் பெயரில் நிலைத்திருக்கிறது.

இக்குடும்பத்தின் தென்னக வாழ்வில் விடை சொல்லக் கடினமான கேள்வி, இவை இங்கே எப்படி வந்தன என்பது. நீலகிரிக்கும் இமயத்துக்கும் நடுவே 2000 கிலோமீட்டர் அளவுக்கு வெப்பமான சமவெளிகளும் தாழ்ந்த மலைகளும் கிடக்கின்றன. நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் உச்சிகளில் வளர்ந்து, பாக் நீரிணையைத் தாண்டி இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில், பத்தனை எனப்படும் புல்வெளிகளில், இதே இனம் மீண்டும் தலைகாட்டுகிறது. அங்கே வளர்வது இலை மேற்பரப்பு புடைத்துச் சுருங்கிய தனித் துணையினம். மீன்களின் பரவலை ஆராய்ந்த சுந்தர் லால் ஹோரா, கிழக்கு இமயத்து உயிரினங்கள் முற்காலத்தில் சாத்பூரா மலைத்தொடர் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையை அடைந்திருக்க வேண்டும் என்று முன்மொழிந்ததை மேற்கோளாகக் கொண்டு, ரோடோடென்ட்ரானும் அதே பாதையில் வந்தது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. பனியுகத்தில் வெப்பமண்டலம் சுமார் 5 பாகை குளிர்ந்திருந்தது என்று கொண்டால், நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 0.6 பாகை என்னும் கணக்கில், மலைத்தாவரங்கள் இன்றிருப்பதைவிட எண்ணூறு மீட்டர் தாழ்வாக இறங்கி வாழ்ந்திருக்க முடியும்; கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்ததால் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தது. எனினும் எண்ணூறு மீட்டர் இறக்கம் தக்காணத்தைக் குளிர்நாடாக்கப் போதாது. ஆகவே தொடர்ச்சியான காட்டுப் பாதை ஒன்றைக் கற்பனை செய்வதைவிட, குன்றிலிருந்து குன்றுக்குக் காற்றில் தாவிய தூசு விதைகளை நம்புவது பொருத்தமாகத் தோன்றுகிறது. உருவ ஒற்றுமை உறவைப் பற்றி ஏமாற்றக்கூடும் என்பதற்கு வரையாடே சான்று: இமயத்து வரையாட்டின் உடன்பிறப்பென்று நெடுநாள் கருதப்பட்ட நீலகிரி வரையாடு, மரபணு ஆய்வில் செம்மறியாடுகளுக்கே நெருங்கியது என்று தெரியவந்தது. ரோடோடென்ட்ரானைப் பொறுத்தவரை அத்தகைய திருப்பம் நேரவில்லை. அது இமயத்து இனந்தான்.

வந்த வழி எதுவாயினும், பனியுகம் முடிந்து வெப்பம் ஏறியபின் அது உச்சிகளில் தனித்து விடப்பட்டது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2637 மீட்டர் என்னும்போது, மேலும் வெப்பம் ஏறினால் ஏறிச் செல்ல உயரமில்லை. இமயத்தில், உத்தராகண்டின் பழைய உலர்தாவரச் சேகரிப்புகளையும் அண்மைக் களப்பதிவுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, நூறு ஆண்டுகளில் புராஞ்ச் பூக்கும் காலம் ஏறத்தாழ மூன்று மாதம் முந்தியிருப்பதாகக் கணக்கிட்டது. நீலகிரியில் அதைவிட உடனடியான மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. புல்வெளியை மரமற்ற வெற்றுநிலமாகவே கண்ட காலனிய ஆட்சியினர், விறகுக்கும் பிற தேவைகளுக்கும் 1830களில் ஆஸ்திரேலிய வாட்டில் மரங்களையும், 1840களில் யூக்கலிப்டசையும் கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பின்னும் டானினுக்காகவும் காகிதக்கூழுக்காகவும் அரசே பெரும் பரப்பில் அவற்றையும் பைன் மரங்களையும் நட்டது. பழனிமலைப் புல்வெளிகள் 1970களுக்குப் பிந்திய நான்கு பதிற்றாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களின் ஒப்பீடு காட்டுகிறது. ஆங்கிலேயர் தம் நாட்டு ஹீத் வெளிகளின் நினைவாகக் கொண்டுவந்த கோர்ஸ், புரூம் என்னும் முட்புதரும் மஞ்சள் பூப்புதரும் இங்கே களைகளாகிப் பரவியிருக்க, அவர்கள் கருங்கடல் பகுதியிலிருந்தும் ஐபீரியாவிலிருந்தும் தம் தோட்டங்களுக்குக் கொண்டுபோன ஒரு ரோடோடென்ட்ரான் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஓக் காடுகளை நெருக்கும் களையாகிவிட்டது என்பது இவ்வரலாற்றின் ஒரு வேடிக்கை.

வாட்டில் செய்யும் தீங்கை நிழல் என்று மட்டும் கொள்வது போதாது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. உழவருக்கு இது நன்மையாகத் தோன்றும், ஆனால் மேலே கண்டபடி காட்டுப்பூவரசின் மேன்மையே நைட்ரஜன் கிட்டாத மண்ணில்தான் இருக்கிறது. அந்த ஏழ்மை நீங்கியவுடன் அதன் பூஞ்சைக் கூட்டாளியால் கிடைத்த அனுகூலமும் நீங்குகிறது. விரைந்து வளரும் புதர்களும் கொடிகளும் முந்திக்கொள்கின்றன. வாட்டில் தோப்பின் நடுவே பழைய புல்வெளியின் அடையாளமாக முதிர்ந்த காட்டுப்பூவரசுகள் சில இன்னும் பூத்துக்கொண்டிருந்தாலும், அவற்றின் விதை விழுந்து முளைக்க ஒளிபடும் வெற்று மண் அங்கே இல்லை. வாட்டிலை வெட்டி அகற்றினாலும், அதன் கடினத்தோல் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடப்பவை. வெயிலோ தீயோ பட்டவுடன் நெருக்கமாக முளைத்து எழும் என்பதால், ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கி, உள்ளூர்ப் புற்களின் தூர்களைக் கொண்டுவந்து நட்டு, புல் மூடும் வரை காக்க வேண்டியிருக்கிறது. காட்டுப்பூவரசின் கன்று மிக மெதுவாக வளர்வது; அதன் பட்டை தீயைத் தாங்கும் அளவுக்குத் தடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அடிக்கடி தீ வந்தால் பெரிய மரங்கள் நிற்கும், கன்றுகள் மடியும். தீயே வராமல் தடுத்தால் வாட்டிலும் புரூமும் நெருங்கிக் கன்றுக்கு ஒளியில்லாமல் செய்யும். ஆகவே இம்மரத்தின் அடுத்த தலைமுறை, எந்தப் பருவத்தில், எத்தனை ஆண்டுக்கொருமுறை அந்தப் புல்வெளியில் தீ வருகிறது என்பதையும் பொறுத்தே அமையும்.